அரைகுறைக் கொப்பியையும் அயலவர் பார்க்கட்டும்

உழவு இயந்திரம் வயலின் நடுவே நின்றுவிட்டால் கமக்காரர் படும் பாட்டை நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பழுதுபார்ப்பவர் வரவேண்டும், உதிரிப்பாகம் கிடைக்கவேண்டும், கையிற் பணமும் இருக்கவேண்டும். மண்ணின் ஈரம் இவை ஒன்றுக்காகவும் காத்திருப்பதில்லை.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கமம் செய்யப் புறப்பட்ட மார்சின் ஜக்குபோவ்ஸ்கி என்பவருக்கும் இதுவே நேர்ந்தது. போலந்திற் பிறந்த அவர், அணுக்கருப் பிணைவு பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் கைத்தொழில் எதுவும் தெரியாத தம்மைப் பயனற்றவராகவே கண்டதாக அவர் பின்னர் கூறினார். அவர் வாங்கிய உழவு இயந்திரம் பழுதடைந்தது. பணம் கொடுத்துத் திருத்தினார், மீண்டும் பழுதடைந்தது. கடைசியில் கையிலிருந்த பணமும் தீர்ந்தது.

தமக்கு வேண்டிய இயந்திரத்தைத் தாமே செய்வதென அவர் தீர்மானித்தார். இத்தகைய முயற்சியில் இறங்கியோர் உலகில் எத்தனையோ பேர். அவரை வேறுபடுத்துவது அடுத்து அவர் செய்த காரியம். வரைபடங்கள், செய்முறைப் படங்கள், செலவுக் கணக்கு யாவற்றையும், வேலை முடியுமுன்னரே, எவரும் வாசிக்கவும் திருத்தவும் கூடியதாக இணையத்தில் வெளியிட்டார். 2003இல் அவர் தொடங்கிய 'ஓப்பன் சோர்ஸ் எக்கோலொஜி' என்னும் அமைப்பு இவ்வழியிலேயே வளர்ந்தது. ஒரு சமூகம் வாழ்வதற்குத் தேவையான 50 இயந்திரங்களை அது பட்டியலிட்டது. உழவு இயந்திரம், மண்கல் அமுக்கும் இயந்திரம், பாண் போறணை என்பன அவற்றுட் சில. 2011இல் அவர் நிகழ்த்திய உரையொன்றில், எட்டு இயந்திரங்களுக்கு முதல் மாதிரி செய்யப்பட்டுவிட்டதென்றும், பல நாட்டவர் பண்ணைக்கு வந்து வேலையிற் பங்குகொள்கின்றனர் என்றும் தெரிவித்தார்.

முடியாததை ஏன் காட்டவேண்டும்?

இப்பழக்கம் கணினித் துறையிலிருந்து வந்தது. 1991இல் ஹெல்சின்கி நகரில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் எழுதிய கணினி நிரலை 0.01 என்ற இலக்கத்துடன் வெளியிட்டார். 'இது இன்னும் ஒன்றாகவில்லை' என்பதை அந்த இலக்கமே சொல்லிற்று. அதைப் பார்த்தவர்கள் பிழைகளை எடுத்துக் காட்டினர், திருத்தியும் அனுப்பினர். அதுவே லினக்ஸ் என்னும் பெயரில் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. இவ்வாறு மூலத்தை மறைக்காது எல்லோருக்கும் கொடுப்பதைத் 'திறந்த மூலம்' என்பர். ஜக்குபோவ்ஸ்கியின் அமைப்பும் தன் வரைபடங்களை ஒரு நிபந்தனையுடனேயே கொடுக்கிறது. எவரும் செய்யலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மூலத்தைச் செய்தவரைக் குறிப்பிடவேண்டும். மாற்றியமைத்து வெளியிட்டால் அதனையும் அதேபோல் திறந்தே வைக்கவேண்டும்.

முடிந்தபின் காட்டலாம் என்று காத்திருப்பவருக்கு இரண்டு நட்டங்கள் ஏற்படுகின்றன. முதலாவது, பிழை தெரியவரும்போது இரும்பு வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். காகிதத்தில் இருக்கையிலே தெரிந்திருந்தால் ஓர் அழிறப்பருடன் காரியம் முடிந்திருக்கும். இரண்டாவது, காத்திருக்கும் காலத்தில் அவருக்கு நோய் வரலாம், இடம் மாறவேண்டி வரலாம். அப்போது அவரோடு அந்த அறிவும் போய்விடும்.

மண்ணும் இயந்திரமும்

இவர்களுடைய மண்கல் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ஈரப்பதமான மண்ணை எண்ணெய் அமுக்கத்தால் நெருக்கிக் கல்லாக்குவதே அதன் வேலை. நல்ல நாளொன்றில் 5,000 கற்கள் அமுக்கியதாக அவர்கள் கூறுகின்றனர். ஆனால் இயந்திரம் சரியாக இருந்தாலும் மண் சரியில்லாவிட்டால் கல் நிற்காது. களி மிகுந்தால் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் ஓரம் உதிரும். மிசூரியில் எழுதிய குறிப்பு வேறோர் ஊரில் முழுமையாகப் பொருந்த முடியாது. எனவே அவ்வூரில் செய்து பார்த்தவர் எழுதிச் சேர்த்தால்தான் குறிப்பு வளரும்.

மண்ணை அறிய எளிய வழி ஒன்றுண்டு. கண்ணாடிப் போத்தலொன்றில் மூன்றிலொரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி ஒரு நாள் அசையாது வையுங்கள். மணல் அடியிலும், வண்டல் அதன்மேலும், களி எல்லாவற்றுக்கும் மேலும் படியும். அடுக்குகளை அளந்தால் எது எவ்வளவு என்று மட்டாகத் தெரியும். அந்த அளவையும் உங்கள் கல் எப்படி நின்றது என்பதையும் சேர்த்து எழுதினால், அதுவே அயலவருக்கு உதவும் ஆவணமாகும்.

குறைகளும் உண்டு

இவ்வழியிற் குறையே இல்லையெனக் கூறமுடியாது. பட்டியலிட்ட 50 இயந்திரங்களும் இன்னும் முடிவடையவில்லை. பழைய படமும் புதிய படமும் ஒன்றாகக் கிடந்தால் எதை நம்புவதெனப் புதியவர் தடுமாறுவார். பழைய அளவின்படி இரும்பை வெட்டிவிட்டால் நட்டம் அவருக்கே. எண்ணெய் அமுக்கக் குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும், பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும். கையையே இழக்க நேரிடலாம். மின்சாரம், அமுக்கம், குடிநீர் ஆகியன சம்பந்தப்பட்ட வேலைகளில் 'சோதிக்கப்படவில்லை' என்று பெரிதாக எழுதாமல் எதையும் பிறர் கையிற் கொடுக்கக்கூடாது. முடியாததைக் காட்டுவது தவறன்று. முடியாததை முடிந்ததுபோற் காட்டுவதே தவறு.

எப்படி எழுதுவது?

கணினி வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நீர் இறைக்கும் முறையோ, விதை காக்கும் முறையோ, புகை குறைந்த அடுப்போ, எதுவாயினும் பின்வருவனவற்றை எழுதுங்கள்:

• ஒவ்வொரு பக்கத்திலும் திகதியும் எத்தனையாம் முயற்சி என்பதும்.
• கைப்படமும் அளவுகளும். படம் அழகாயிருக்கத் தேவையில்லை. அளவு சரியாயிருந்தாற் போதும்.
• செய்து பார்த்தது எது, மனதில் மட்டும் உள்ளது எது என்ற வேறுபாடு.
• பிழைத்துப்போனது எது, ஏன் என்பது. பழைய பக்கத்தைக் கிழிக்காமல் ஒரு கோடு போட்டு வையுங்கள்.
• என்ன செலவு, பொருள் எங்கே கிடைத்தது என்பது.
• உங்களுக்கு விடை தெரியாத கேள்வி. உதவி அதற்கே வரும்.

பின்னர் அக்கொப்பியைச் சங்கக் கூட்டத்திலோ வாசிகசாலையிலோ வையுங்கள். பார்ப்பவர் குறிப்பெழுத வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். 'அரைகுறையைக் கண்டு சிரிப்பார்களே' என்ற கூச்சம் எவருக்கும் வரும். சிரிப்பவரும் ஒரு பிழையைக் காட்டிவிட்டுத்தான் போவார்.

1990களில் வடக்கில் மண்ணெண்ணெய் அரிதாயிருந்தபோது ஜாம் போத்தல் விளக்கு வீடுவீடாகப் பரவியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஒருவர் செய்ததைப் பார்த்தே மற்றவர் செய்தார். எவரும் அதை மறைத்து வைக்கவில்லை. ஆனால் அக்காலத்தில் நம்மவர் கண்டுபிடித்த எத்தனையோ உபாயங்கள், எழுதிவைக்காமையால், செய்தவர்களோடு சிதறிப் போயின. ஊரைவிட்டு வரும்போது கலப்பையையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் நம்மால் தூக்கிவர முடியவில்லை. ஒரு கொப்பியைத் தூக்கிவரலாம். அதிலுள்ளதை அயலவர் நால்வர் ஏற்கனவே பார்த்து எழுதியிருந்தால், கொப்பி தொலைந்தாலும் அறிவு தொலையாது.