எண்ணிப் பார்த்தார்களா?

காலை வேளையிலே பொத்தேரி ரயில் நிலையத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். தாம்பரத்திலிருந்து வரும் வண்டி நின்றதும், ஒரு பெட்டியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் இறங்குவார்கள். அடுத்த பெட்டியிலிருந்து கொத்தனாரும் சித்தாளும் இறங்குவார்கள். அங்கே, நம் தோழர் ஒருவரின் மகன், சட்டம் படிக்கும் பிள்ளை, என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஏழைக்கு நீதி கிடைப்பது பற்றி ஆராய மானியம் கேட்டு எழுதப் போகிறேன். அப்பா சிரிக்கிறார். ஆராய்ச்சியால் எந்த ஏழைக்கு வயிறு நிறைந்தது என்கிறார்" என்றான்.

அப்பா கேட்டது நியாயமான கேள்விதான். கற்றோர் கூடி, கட்டுரை படித்து, காப்பி குடித்து, கலைந்து போன கதைகள் நமக்குத் தெரியாதவையா! ஆயினும் அந்தத் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1976-இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. நல்ல சட்டம். முன்பணத்துக்காக அடிமைப்பட்டவன் சட்டப்படி விடுதலை பெற்றான், கடனும் ஒழிந்தது. 'இது கொத்தடிமைக் கடன்' என்று அவன் சொன்னால் போதும்; 'அல்ல' என்று மெய்ப்பிக்க வேண்டியவன் பணம் கொடுத்தவன். குற்றவாளிக்கு மூன்றாண்டு வரை சிறை. இதைவிட என்ன வேண்டும்?

ஆள் வேண்டும், தோழர்களே! அடிமை இன்னான், இருக்குமிடம் இன்னது என்று எழுதிக் காட்ட ஆள் வேண்டும்.

அரியானாவின் கல்குவாரிகள் பற்றி உச்சநீதிமன்றத்தில் வழக்கு வந்தது. 'கட்டாய வேலை வாங்கியிருக்கலாம். கொத்தடிமை என்பதற்கு ருசு எங்கே?' என்று வாதாடியது யார்? குவாரி முதலாளியா? இல்லை, மாநில அரசு! நீதிமன்றம் வழக்கறிஞர்களைக் குவாரிக்கே அனுப்பிற்று, ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த டாக்டர் பட்வர்தனை ஆராயச் சொன்னது. 1983 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கட்டாய உழைப்பு என்று தெரிந்தாலே, அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று கூறிவிட்டது.

வடக்கே போவானேன்? நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். உச்சநீதிமன்றம் அமர்த்திய ஆணையர்களான வழக்கறிஞர் சிராஜ் சேட்டும் சமூகப் பணியாளர் பெலிக்ஸ் சுகிர்தராஜும் 1995 அக்டோபரில் அறிக்கை தந்தனர். தமிழ்நாட்டிலே, இருபது தொழில்களிலே, கொத்தடிமைகள் 10 லட்சத்துக்கு மேல்! மத்திய அரசு பாராளுமன்றத்தில் வைத்த கணக்கிலோ, தமிழ்நாட்டில் பல்லாண்டுகளாக அடையாளம் காணப்பட்டவர்கள் மொத்தமே 65,573 பேர்.

அதே நாடு. அதே சட்டம். எண்ணியவர்கள்தான் வேறு.

எப்படி எண்ணுகிறார்கள் என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. ஜீப்பிலே அதிகாரி வருகிறார். சூளை முதலாளி இளநீர் வெட்டி நீட்டுகிறார். அவர் எதிரிலேயே, 'நீ கொத்தடிமையா?' என்று கூலிக்காரனைக் கேட்கிறார்கள். என்ன சொல்வான்? 'இல்லீங்க' என்பான். தாளிலே சுழியம் விழும். கற்றுணர்ந்து ஆராய்பவன் அந்தி சாய்ந்ததும் குடிசைக்குப் போகிறான், தரையிலே உட்காருகிறான். 'முன்பணம் எவ்வளவு? கணக்கு எவர் கையில்? திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஊர் போக முடியுமா, ஒருவரைப் பிணையாக விட்டுத்தான் போக வேண்டுமா?' இந்த மூன்றாவது கேள்வியிலே முழு உண்மையும் வெளியே வந்துவிடும்.

இந்த வேலைக்குத்தான் மானியம். 2000-ஆம் ஆண்டு மாவட்டக் கணக்கெடுப்புக்கு 2 லட்சம் ரூபாய் தர மத்திய அரசு இசைந்தது. 2016-இல் அது நாலரை லட்சமாயிற்று. மூன்றாண்டுக்கு ஒரு முறை. மாதத்துக்கு வகுத்தால் 12,500 ரூபாய்! நம் மாநாட்டுப் பந்தலுக்கே அதைவிடக் கூடுதலாகும் என்று பந்தல்காரரைக் கேட்டால் சொல்வார். மதிப்பாய்வு செய்ய ஒரு ஆய்வுக்கு ஒரு லட்சம் ரூபாய். மாநிலத்துக்கு ஆண்டுக்கு ஐந்து ஆய்வு. அந்த அற்பத் தொகையையாவது கேட்டு வாங்கிச் செலவிட வேண்டாமா? மூன்றாண்டுக்கு ஒரு முறை எல்லா மாவட்டங்களிலும் எண்ணியே ஆக வேண்டும் என்று 2012 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டதே!

எண்ணாமற் போனால் என்ன நேரும்? 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இரண்டிடங்களிலிருந்து இருளர் 42 பேரை மீட்டார்கள். அவர்களிலே 16 குழந்தைகள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படத்தை நாடே பார்த்தது. சட்டம் வந்து 43 ஆண்டுகள் கழிந்த பின்பு! அந்த முதியவரின் பெயர் ஒரு தாளிலே ஏறியிருந்தால் அத்தனை ஆண்டுகள் கோடரி சுமந்திருப்பாரா?

மீட்டபின்பும் தாள்தான் பேசுகிறது. விடுதலைச் சான்றிதழ் வேண்டும். 2016 திட்டப்படி ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இரண்டு லட்சம், கொடுமை மிகுந்தால் மூன்று லட்சம். ஆனால் முழுத்தொகை வழக்கு முடிந்த பிறகே! வழக்கு ஏன் முடியவில்லை, எந்த மேசையிலே உறங்குகிறது என்று கோப்பு கோப்பாகப் புரட்டிச் சொல்வதும் ஆராய்ச்சிதானே?

இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். மானியம் கிடைக்கும்வரை காத்திராதே, செங்கற்பட்டு மாவட்டத்திலே கடைசியாக எந்த ஆண்டு எண்ணினார்கள், எத்தனை பேரை எண்ணினார்கள், எவர் எண்ணினார் என்று தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடு என்றேன். கட்டணம் பத்து ரூபாய்.

மறுநாள் மனு எழுதிக் கொண்டு வந்திருந்தான். கீழே இருந்த கையெழுத்து அவன் அப்பாவுடையது.