கோப்பைகளைக் ‘கைது’ செய்த போலீஸ் கோஷ்டி!

போலீஸ்காரர் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? லத்தி, தொப்பி, மீசை, விசில். அவர் விசில் ஊதினால் வண்டி நிற்கும், ஓடுகிறவனும் நிற்பான். ஆனால் பிறர் ஊதும் விசிலுக்குக் கட்டுப்பட்டு, அரை நிஜாரும் பனியனுமாக ஓடி ஓடி, இந்தியாவின் பெரிய பெரிய கோப்பைகளையெல்லாம் வாரிக்கொண்டு போன போலீஸ்காரர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். அவர்கள் ஹைதராபாத் நகரப் போலீஸ் கால்பந்து கோஷ்டியினர்.

2024-ம் வருஷம் ‘மைதான்’ என்று ஓர் இந்திப் படம் வந்தது. நம்மூர் ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த படம். அஜய் தேவ்கன் ஒரு கால்பந்துப் பயிற்சியாளராக நடித்திருந்தார். அந்தப் பயிற்சியாளரின் உண்மைப் பெயர் சையது அப்துல் ரஹீம். இந்தியக் கோஷ்டியை வெளிநாடுகளில் ஜெயிக்க வைத்தவர் என்று படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் கைவண்ணத்தை உள்நாட்டிலே வருஷா வருஷம் காட்டிய கோஷ்டிதான் இந்தப் போலீஸ் கோஷ்டி. கப்பல் ஏறிப் போன கதையைவிட வீட்டுக்குள் நடந்த கதை சுவாரஸ்யத்தில் ஒன்றும் குறைந்ததல்ல.

யார் கோப்பை, யார் கையில்?

அந்தக் காலத்தில் கால்பந்து என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகம்மதன் ஸ்போர்டிங் என்று மூன்று கிளப்புகள். அவை மோதிக்கொண்டால் பாதி ஊர் சிரிக்கும், பாதி ஊர் சாப்பிடாமல் படுக்கும். கல்கத்தாவுக்கு வெளியே இரண்டு பெரிய கோப்பைகள் இருந்தன. ஒன்று 1888-ல் சிம்லாவில் தொடங்கி, பிறகு டில்லிக்கு வந்த டூரண்ட் கோப்பை. மற்றொன்று 1891-ல் பம்பாயில் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பை. இரண்டையும் ஆரம்பித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். நெடுங்காலம் ஜெயித்தவர்களும் வெள்ளைக்காரப் பட்டாளத்தார்தான். ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலாக ஓர் இந்தியக் கோஷ்டி வென்றது 1937-ல். பெங்களூர் முஸ்லிம்கள் அந்தப் பெருமையைத் தட்டிச் சென்றார்கள். டூரண்ட் கோப்பை இந்தியர் கைக்கு வந்தது 1940-ல், முகம்மதன் ஸ்போர்டிங் மூலமாக.

பிறகு யுத்தம் வந்தது, பிரிவினை வந்தது. டூரண்ட் பந்தயமே சில வருஷங்கள் நடக்கவில்லை. 1950-ல்தான் மறுபடி தொடங்கினார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1948 செப்டம்பரில் நிஜாமின் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ராணுவம் போய்ச் செய்த அந்தக் காரியத்துக்கு ‘போலீஸ் நடவடிக்கை’ என்று பெயர். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1950-ல், அதே ஹைதராபாத்திலிருந்து நிஜமான போலீஸ்காரர்கள் புறப்பட்டு வந்து பம்பாயிலும் டில்லியிலும் வேறு விதமான ‘நடவடிக்கை’ எடுத்தார்கள். ரோவர்ஸ் கோப்பை அவர்களுக்கு. டூரண்ட் கோப்பையும் அவர்களுக்கே. இறுதிப் பந்தயத்தில் தோற்றது சாட்சாத் மோகன் பகான்!

ஏதோ அதிர்ஷ்டம் என்று கல்கத்தாக்காரர்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் 1951-லும் ரோவர்ஸ் கோப்பை போலீஸ் கையில். 1952-லும், 1953-லும், 1954-லும் அப்படியே. தொடர்ந்து ஐந்து வருஷங்கள்! பம்பாய் கூப்பரேஜ் மைதானத்துக்கு வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு போவது அவர்களுக்கு வருஷாந்தர டியூட்டியாகவே ஆகிவிட்டது. 1954-ல் டூரண்ட் கோப்பையும் கூடவே வந்தது.

உபாத்தியாயர் வந்தார்

இத்தனைக்கும் மூளை யாருடையது? ஒரு போலீஸ் அதிகாரியுடையது என்று நினைத்தால் தவறு. ரஹீம் பள்ளிக்கூட உபாத்தியாயர். உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்தவர். சின்னப் பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த கையோடு கால்பந்தும் சொல்லிக் கொடுத்தவர். ‘ரஹீம் சாகேப்’ என்றுதான் ஊரில் அவரை அழைப்பார்கள். 1943-ல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசியானவர், சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். போலீஸ் கோஷ்டிக்குப் பயிற்சி கொடுத்ததும் அவரே.

உபாத்தியாயர் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு அவர் நடத்திய பந்தயங்களே சாட்சி. ‘டிரிப்ளிங் கூடாத பந்தயம்’ என்று ஒன்று நடத்தினார். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு, எதிரியை இப்படியும் அப்படியும் ஏமாற்றிவிட்டுப் போவதுதானே நம்மவர்களுக்குப் பிடித்த வித்தை? கூட்டமும் அதற்குத்தானே கை தட்டும்? ரஹீமின் பந்தயத்தில் அது தள்ளுபடி. பந்து வந்தால் உடனே கூட்டாளிக்குத் தள்ளிவிட வேண்டும். தள்ள வேண்டுமானால் கூட்டாளி எங்கே நிற்கிறான் என்பது பந்து வருவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கூட்டாளியும் சும்மா நிற்க முடியாது. காலி இடம் பார்த்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காலுக்கு வேலை குறைந்து கண்ணுக்கும் புத்திக்கும் வேலை கூடிவிட்டது.

இன்னொன்று, ‘சக்தி குறைந்த கால்’ பந்தயம். வலது காலால் உதைப்பவன் இடது காலால் மட்டுமே உதைக்க வேண்டும். இடது கையால் கையெழுத்துப் போடச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்திருக்கும் முதலில். ஆனால் பழகிவிட்டவனை எதிரி எந்தப் பக்கத்திலிருந்து மடக்குவது? குள்ளமான பையன்களுக்கென்றும், வயது வாரியாகவும்கூட அவர் தனித்தனிப் பந்தயங்கள் வைத்தார். நெட்டையன் இடித்துத் தள்ளாத இடத்தில்தான் குள்ளன் தன் வித்தையைக் கற்றுக்கொள்ள முடியும் என்பது அவருடைய கணக்கு.

இப்படிப் பழகியவர்களோடு போலீஸ் கட்டுப்பாடும் சேர்ந்தால் கேட்பானேன்! கோஷ்டியில் ஒவ்வொருவரும் உத்தியோகஸ்தர். ஆட்டத்துக்கென்று தனிச் சம்பளம் பேசி வந்தவர்கள் அல்ல. அந்தக் காலத்து ஏழை வீட்டுப் பையனுக்கு இது லேசான விஷயமில்லை. பந்து உதைத்தால் சோறு கிடைக்குமா என்று வீட்டில் கேட்பார்கள். போலீஸ் இலாகாவில் எடுத்துக்கொண்டால் மாதச் சம்பளம் உண்டு. கால் ஓய்ந்த பிறகும் வேலை நிற்கும். கடைசியில் பென்ஷனும் உண்டு. ஒலிம்பிக் பந்தயத்தில் பணம் வாங்கி ஆடுகிறவர்களுக்கு இடமில்லை என்ற விதி வேறு அப்போது இருந்தது. அதற்கும் இந்த ஏற்பாடு பொருத்தமாக இருந்தது.

ஹெல்சிங்கியிலிருந்து மெல்போர்ன் வரை

1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா இறுதிப் பந்தயத்தில் ஈரானை ஒரு கோலில் ஜெயித்துத் தங்கப் பதக்கம் பெற்றது. பயிற்சியாளர் ரஹீம். அடுத்த வருஷமே தலைகீழ். ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. அந்தக் குளிரிலே நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள்! அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

தோற்ற உபாத்தியாயர் மறுபடி புத்தகத்தைத் திறந்தார். 1953-ல் ஹங்கேரிக்காரர்கள் இங்கிலாந்தை அதன் வீட்டு வாசலிலே, வெம்ப்ளியில், ஆறுக்கு மூன்று என்று தோற்கடித்திருந்தார்கள். முன்னணி நடு ஆட்டக்காரர் பின்வாங்கி நின்று, எதிரிக் காவலரைத் தம் பின்னால் இழுத்துக் குழப்பியது அவர்கள் செய்த தந்திரம். ரஹீம் அதை நம்மவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்றது; பம்பாயின் நெவில் டிசூஸா மட்டும் மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியாதான். முடிவில் நான்காம் இடம்.

அந்தக் கோஷ்டியில் ஹைதராபாத் நகரத்து ஆட்கள் ஏராளம். அஜீஸுதீன், நூர் முகம்மது, ஜுல்பிகாருத்தீன் ஆகியோர் போலீஸ் கோஷ்டி கண்டெடுத்த மணிகள். துளசிதாஸ் பலராம் அதே மண்ணின் பிள்ளை. கோல் காத்த பீட்டர் தங்கராஜ் என்ற பெயரைப் பார்த்ததும் நமக்கு ஒரு பாசம் வருகிறதல்லவா? அவர் பிறந்தது ஹைதராபாத். பட்டாளத்தில் சேர்ந்து ஆடியதோ நம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்ட் கோஷ்டியில். போலீஸ் டூரண்ட் கோப்பையை வென்ற 1954-க்கும் 1957-க்கும் நடுவே, 1955-ல், அதே கோப்பையை வெலிங்டனுக்குக் கொண்டுவந்தது அந்த மதராஸ் கோஷ்டிதான். 1958-ல் மறுபடியும் கொண்டுவந்தது. போலீஸுக்கும் பட்டாளத்துக்கும் நடுவே கல்கத்தா தவித்த காலம் அது!

போலீஸ் எப்போதும் ஜெயித்தது என்று சொன்னால் அது பொய். 1952-லும் 1956-லும் டூரண்ட் இறுதிப் பந்தயத்தில் ஈஸ்ட் பெங்காலிடம் தோற்றார்கள். அந்தக் கடனை 1957-ல் தீர்த்தார்கள். அதே மைதானத்தில், அதே இறுதிப் பந்தயத்தில், அதே ஈஸ்ட் பெங்காலை வென்றார்கள். அந்த வருஷம் ரோவர்ஸ் கோப்பையும் அவர்களுக்கே. மாகாணங்களுக்கான சந்தோஷ் கோப்பையையும் ஹைதராபாத் 1956, 1957 இரண்டு வருஷங்களும் வென்றது. மொழிவாரி ராஜ்யங்கள் வந்த பிறகு கோஷ்டியின் பெயர் ஆந்திரப் போலீஸ் என்று மாறியது. பெயர்தான் மாறியது, 1960-ல் ரோவர்ஸ், 1961-ல் மோகன் பகானை வென்று டூரண்ட் என்று பழக்கம் மாறவில்லை.

ஜாகர்த்தாவும் அதன் பிறகும்

1962-ல் ஜாகர்த்தா ஆசிய விளையாட்டு. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்கவில்லை என்று இந்தியப் பிரமுகர் ஒருவர் கண்டித்ததால் ஊரே நம்மவர்கள் மீது கோபமாக இருந்தது. மைதானம் நிறைய கூச்சல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இரண்டு கோலில் தோற்ற இந்தியா, இறுதிப் பந்தயத்தில் அதே தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று தங்கம் பெற்றது. கோல் போட்டவர்கள் பி. கே. பானர்ஜியும், தலையில் கட்டோடு ஆடிய ஜர்னெயில் சிங்கும். அந்தப் பதினொருவரில் ஆந்திரப் போலீஸின் யூசுப் கானும் ஒருவர். பின்னணியில் ஆடுவார், வேண்டுமென்றால் முன்னணியிலும் ஆடுவார். 1966-ல் அர்ஜுனா விருது பெற்றவர்.

மைதானத்தின் ஓரத்தில் நின்ற ரஹீமின் உடம்பைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் 11-ந் தேதி அவர் காலமானார். வயது 53.

1962-ல் ஈஸ்ட் பெங்காலோடு ரோவர்ஸ் கோப்பையைப் பங்கு போட்டுக்கொண்ட ஆந்திரப் போலீஸ், 1963-ல் அதே ஈஸ்ட் பெங்காலை வென்று முழுசாகவே எடுத்துக்கொண்டது. உபாத்தியாயர் போன பிறகும் பாடம் மறக்கவில்லை. ஆனால் அந்த வருஷத்து டூரண்ட் இறுதிப் பந்தயத்தில் மோகன் பகான் ஜெயித்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த இரண்டு கோப்பைகளில் ஒன்றுகூட ஹைதராபாத் போலீஸ் லைனுக்குத் திரும்பி வரவில்லை.

ஏன்? ஒரு மனிதர் போய்விட்டார் என்பது ஒரு காரணம். அவர் நடத்திய அந்த விநோதப் பந்தயங்களை அவரைப்போல விடாப்பிடியாக நடத்த இன்னொரு ரஹீம் கிடைக்கவில்லை. கல்கத்தாவின் பணப்பை இன்னொரு காரணம். பலராம் 1957-லேயே ஈஸ்ட் பெங்காலுக்குப் போய்விட்டார். பின்னால் வந்த முகம்மது ஹபீபும் ஹைதராபாத்தில் பிறந்து கல்கத்தாவில் புகழ் பெற்றவர்தான். 1977-ல் பீலேயின் காஸ்மாஸ் கோஷ்டியை எதிர்த்து மோகன் பகானுக்கு ஆடினார். போலீஸ் சம்பளம் கல்கத்தா கிளப்புகளோடு ஏலம் கேட்க முடியுமா? போனவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்து உதைக்கிற காலுக்கு ஆயுள் பத்து வருஷம். அதற்குள் வீடு கட்டிக்கொள்ள நினைத்தால் அது குற்றமா? ஆனால் பையன்களை உருவாக்கிய ஊர் அவர்கள் ஆட்டத்தைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

காக்கிக்காரர்கள் பிற்பாடு வேறு இடத்தில் தலையெடுத்தார்கள். கேரளப் போலீஸ் கோஷ்டி 1990-லும் 1991-லும் பெடரேஷன் கோப்பையை வென்றது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஒரு பையனை அந்த இலாகா எடுத்துக்கொண்டது. அவர்தான் ஐ. எம். விஜயன். ‘திமிரு’, ‘பிகில்’ படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2025-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, அதே வருஷம் போலீஸ் அதிகாரியாகவே ஓய்வு பெற்றார்.

ரோவர்ஸ் கோப்பைப் பந்தயம் 2000-01-க்குப் பிறகு நடக்கவில்லை. வென்றவர் பட்டியலில் மோகன் பகான் பதினான்கு முறை, ஈஸ்ட் பெங்கால் பத்து முறை. மூன்றாவதாக நிற்கிறது, பங்கு போட்டுக்கொண்ட ஒன்றையும் சேர்த்து ஒன்பது முறை வென்ற ஹைதராபாத் போலீஸ்.