புதுத் துப்பாக்கியின் குறி சரிதானா?

புழல், செங்குன்றம் பக்கம் புதுத் தெளிப்பான் வாங்கும் உழவர், மருந்து கலக்குமுன் வெறும் தண்ணீரை ஊற்றி அடித்துப் பார்ப்பார். பயிர்க்காவலுக்கு உரிமம் பெற்று வாங்கும் துப்பாக்கிக்கும் அப்படியொரு சோதனை தேவை. மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை செய்யும் .315 போல்ட் துப்பாக்கியானாலும் சரியே. அங்கே சோதித்தவரின் கண் வேறு, உங்கள் கண் வேறு. தோட்டாவும் வேறாக இருக்கலாம்.

அனுமதி பெற்ற சுடுதளத்தில் 50 மீட்டரில் தாள் இலக்கை வையுங்கள். துப்பாக்கியை மணல் மூட்டைமேல் தாங்கி, ஒரே புள்ளியைப் பார்த்து ஐந்து முறை சுடுங்கள். துளைகள் நெருக்கமாக, ஆனால் இடப்பக்கம் விலகி விழுந்தால் குழலில் குறையில்லை. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து முன்குறியையும் இடப்பக்கமே சிறிது நகர்த்தச் சொல்லுங்கள். வலப்பக்கம் நகர்த்தினால் பிழை கூடும். இதில்தான் பலர் தடுமாறுவது. குண்டு மேலே போனால் உயரமான முன்குறி வேண்டும். துளைகள் சிதறினால் கட்டையின் திருகுகளைப் பாருங்கள், வேறு தோட்டாவும் போட்டுப் பாருங்கள்.

50 மீட்டரில் 5 செ.மீ. விலகல் 100 மீட்டரில் 10 செ.மீ. ஆகும். நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் படும். காயம்பட்ட பன்றி புதரில் பதுங்கி, காலையில் களையெடுக்க வருபவர்மேல் பாயும்.

துப்பாக்கி உரிமம் வேறு, சுடும் அனுமதி வேறு. வனத்துறை அனுமதியின்றிக் காட்டுப்பன்றியைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.