ஈரத்துணிக் காலம்

மாயவரம் பக்கத்தில் ஐப்பசி பிறந்துவிட்டால், கைக்குழந்தை இருக்கிற வீட்டை வாசலிலேயே கண்டுபிடித்துவிடலாம். திண்ணைத் தூணுக்குத் தூண் கொடி கட்டியிருக்கும். கிழித்த வேட்டித்துண்டுகள் அதில் காயாமல் தொங்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பது. காவிரியின் கடைமடைக்கு அதிலும் பெரிய பங்கு. இலக்கணப் புத்தகத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி. பிள்ளை பெற்றவளுக்குத் தை பிறக்கும்வரை எல்லாம் ஒரே காலம்தான், துணி காயாத காலம்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பச்சைக்குழந்தைக்கு இடுப்பில் கட்டியது பழைய வேட்டித்துணி. பல வருஷம் துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி. புதுத்துணி குழந்தைக்கு உறுத்தும். ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது துணி நனையும். கிணற்றடியில் அலசிப் பிழிந்தவை முதலில் தாழ்வாரத்துக் கொடிக்கு வரும், சொட்டுவது நின்றதும் கூடத்துக்கு, கடைசியில் அடுப்படிக்கு. விறகும் ஈரம் என்பதால் அடுப்படி முழுக்கப் புகை. அந்த ஊர்க் குழந்தைகள் எல்லாவற்றின் மேலும் மழைக்காலத்தில் புகைவாசனை அடிக்கும்.

அப்படியும் காயாததற்குக் கும்மட்டி. கரித்தணலைப் போட்டு, மேலே சாம்பலைத் தூவி வெக்கையை அடக்கி, ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டு, மூங்கில் கூடையைக் கவிழ்ப்பார்கள். கூடைமேல் துணியை விரித்து, ஒரு பக்கம் சூடேறியதும் புரட்டிப் போட வேண்டும். கண் அசந்தால் துணியில் பழுப்பாக ஒரு வட்டம் விழும், இன்னும் அசந்தால் ஓட்டை. ஆகவே பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அது பாட்டியோ, சின்ன வயசிலேயே தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பிய அத்தைப்பாட்டியோ. கூட்டுக்குடும்பத்தின் இதம் என்று நாம் இன்று பேசுவதில் பாதி, அவளுக்கு வேறு போக்கிடம் இல்லாமல் போனதுதான்.

இதெல்லாம் ஓட்டுவீட்டுக் கதை. கூரைவீட்டில் துணி காயவைக்கக் கூடமும் கிடையாது, துணிக்குப் பக்கத்தில் உட்கார ஆளும் கிடையாது. ஐப்பசி என்றால் சம்பா வயலில் நடவும் களையெடுப்பும் உள்ள மாதம். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அம்மாக்காரி வயலில் குனிந்திருப்பாள். வரப்போரப் பூவரசு மரத்தில் பழைய புடவைத் தூளி. தூறல் வலுத்தால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏழெட்டு வயசு அக்காக்காரி கரையேறுவாள். அந்த அக்கா அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை, அநேகமாக அதற்கு மறுநாளும்.

இப்போது அதே தெருவில் கொடி இல்லை. டயப்பர் வந்துவிட்டது. கூலிவேலை செய்கிற வீட்டிலும் ராத்திரிக்கு ஒன்று என்று பெட்டிக்கடையில் சில்லறையாக வாங்குகிறார்கள். சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகளுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. சொட்டச் சொட்ட ஒரு துணி, அரைகுறையாய்க் காய்ந்த ஒரு துணி என்று மாற்றி மாற்றிக் கட்டித் தொடையிடுக்கு புண்ணாகிப்போன குழந்தைகளைப் பார்த்தவர்கள், டயப்பரைப் பழிக்க வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் அழுக்கு எங்கேயும் போய்விடவில்லை, கிணற்றடியிலிருந்து வாய்க்காலுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் டயப்பரைத் தனியே பொதிந்து கொடுக்கச் சொல்லின. பொதிவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தரவேண்டும் என்றும் சொல்லின. பெட்டிக்கடையில் ஒற்றையாக வாங்குகிறவளுக்கு எந்த உறை வரும்? முதல் பெருமழையில் மதகில் அடைத்துக்கொண்டு நிற்பதை நகராட்சித் தொழிலாளி கையால் இழுத்துப் போடுகிறார். அன்றைக்கு அத்தைப்பாட்டி செய்த வேலையின் மிச்சத்தை இன்றைக்கு அவர் செய்கிறார், அவ்வளவுதான்.

ஐப்பசி கடைசி நாளில் துலாக் கட்டத்தில் கடைமுழுக்கு. இடுப்பில் குழந்தையோடு காவிரியில் இறங்கி ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். வீட்டில் தலைக்கு ஒரு சொம்பு தண்ணீர் விடவே பயந்த பாட்டிதான், "காவேரித் தண்ணி சளி புடிக்காது" என்று முன்னால் நிற்பாள். இன்றைய அம்மாக்கள் உள்ளங்கையில் ஏந்தி உச்சந்தலையில் தெளித்துவிட்டுக் கரையேறுகிறார்கள்.

சளி என்பது அப்போது சின்னச் சொல் இல்லை. வசம்பைச் சுட்டு, மாசிக்காய், கடுக்காய், சுக்கு, சாதிக்காயோடு உரைகல்லில் தாய்ப்பால் விட்டு உரைப்பார்கள். வயசுக்குத் தக்கபடி இரண்டு உரை, மூன்று உரை. முற்றத்துக் கற்பூரவல்லியை வாட்டிச் சாறு எடுப்பார்கள். நெற்றியில் சுக்குப் பற்று, உள்ளங்காலில் வெதுவெதுப்பாக எண்ணெய். எல்லாம் ஆன பிறகு ராத்திரி விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து, சட்டையைத் தூக்கி, விலாவைப் பார்ப்பாள் பாட்டி. மூச்சுக்கு மூச்சு விலாவின் கீழ்ப்பக்கம் உள்ளே வாங்குகிறதா? வாங்கினால் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

கிராமச் செவிலியர் இன்று செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். குழந்தையின் நெஞ்சைத் திறந்துவைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50-ஐத் தொட்டால், ஒரு வயதுக்கு மேல் ஐந்துவரை 40-ஐத் தொட்டால் நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். விலா உள்வாங்கினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். பாட்டியின் கண்ணில் குறையே இல்லை. அடுத்து என்ன செய்வது என்பதற்குத்தான் அவளிடம் விடை இல்லை. களிமண் பாதையில் வண்டி இறங்கிவிடும், வாய்க்கால் உடைத்துக்கொண்டால் அதுவும் கிடையாது. 1971-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அந்தக் காலத்துப் பாட்டியிடம் எத்தனை பிள்ளை என்று கேட்டால், "பெத்தது எட்டு, நின்னது அஞ்சு" என்று இரண்டு எண்ணாகத்தான் பதில் வரும்.

மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-இல் அந்த நூற்றுச் சொச்சம் 13. சாலையும் 108 வண்டியும் பிரசவ ஆஸ்பத்திரியும் சேர்ந்து இறக்கிய எண் அது. தடுப்பூசிக்கும் பங்கு உண்டு. கக்குவான் இருமலுக்கு முத்தடுப்பூசி வந்தது. நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஒரு கிருமிக்கு எதிரான மருந்தையும் சேர்த்த ஐந்தடுப்பூசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் போடப்பட்டது. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 ஜூலையில் இங்கே அரசு மையங்களுக்கு இலவசமாக வந்தது. மாரியம்மன் பேரைச் சொல்லி நேர்ந்துகொண்ட மஞ்சள் துணி முடிச்சுகள் கதவு நிலைகளிலிருந்து எப்போது மறைந்தன என்று யாரும் கவனிக்கவில்லை.

உரைமருந்து மட்டும் சில வீடுகளில் பாசத்தின் பேரில் தொடர்கிறது. ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம் என்கிறார் குழந்தை மருத்துவர். "உன்னை இதக் குடுத்துத்தானே வளர்த்தேன்" என்கிறாள் மாமியார். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை ஆகாது என்பதிலும் இதே வழக்கு. இந்தச் சண்டையில் நான் மருத்துவர் பக்கம். ஆனாலும் கடையில் விற்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தக்கது என்று யாரும் மாமியாரிடம் வாதாட முடியாது. 2025-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அதில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. அந்த வருஷத்துக் கார்த்திகையில் பல அம்மாக்கள் அலமாரியிலிருந்த பாட்டில்களை எடுத்து லேபிளைப் படித்தார்கள். சிறுசுகளின் சாதாரண சளி இருமலுக்கு அந்தச் சிரப்புகள் பெரும்பாலும் தேவையே இல்லை என்று மருத்துவர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான்.

கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் முன்பே பையன்கள் மாவலி வேலையில் இறங்குவார்கள். ஆண்பனையின் பூவைப் பொறுக்கி வந்து, மூட்டம் போட்டு, சாம்பலாகிவிடாமல் கரியாக எடுத்து, அம்மியில் வைத்து மாவாக இடிக்க வேண்டும். கொஞ்சம் உப்புச் சேர்த்தால் வெடித்துப் பொரியும் என்பார்கள். துணியில் சுருட்டி இறுகக் கட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவே செருகி, கயிறு பிணைத்து, தணலில் காட்டித் தலைக்கு மேலே சுற்றினால், ஆளைச் சுற்றிப் பொன்வட்டமாகப் பொறி கொட்டும். மழை ஈரத்தில் கரி நமத்துப்போகாமல் காப்பாற்ற, அம்மாவுக்குத் தெரியாமல் அதையும் அந்தக் கும்மட்டிக் கூடைக்குள் சொருகுவான்கள். மறுநாள் குழந்தையின் துணியெல்லாம் கரி. இப்போது தீபாவளியில் மிஞ்சிய கம்பி மத்தாப்புதான் கார்த்திகைக்கு. பனையும் குறைந்துவிட்டது, பற்றவைத்த மட்டையைப் பிள்ளை கையில் கொடுக்கிற துணிச்சலும் குறைந்துவிட்டது. இரண்டாவது குறைந்ததில் எனக்கு வருத்தமில்லை.

மழை லீவு கதை வேறு. முன்பு மாயவரத்துக்குக் கலெக்டர் தஞ்சாவூரில் இருந்தார், 1991-க்குப் பிறகு நாகப்பட்டினத்தில். இங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது அங்கே போய்ச் சேர நேரமாகும். பிள்ளைகள் பாதி நனைந்து பள்ளிக்கூடம் போய், மணி அடிக்காததைப் பார்த்து, முழுசாக நனைந்து வீடு திரும்புவார்கள். வீட்டில் திட்டு, துவட்ட ஒரு கை, குடிக்கச் சுக்குக் காப்பி. 1982-இல் சத்துணவு வந்தபிறகு கூரைவீட்டுப் பிள்ளைக்கு லீவின் இன்னோர் அர்த்தமும் தெரிந்தது, மத்தியானச் சோறு இல்லை. அடைமழையில் பெற்றவர்களுக்கும் கூலி இருக்காது. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் மறு வருஷம் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் விரிந்தபிறகு, லீவு என்றால் போவது இரண்டு வேளை. லீவு கேட்டுக் கலெக்டரின் பக்கத்தில் மாணவர்கள் போடும் நகைச்சுவையைப் பார்த்துச் சிரிக்கிற நாம் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை.

மாயவரம் என்கிற மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. இப்போது கலெக்டர் உள்ளூரிலேயே இருக்கிறார். 2022 நவம்பர் 12 காலையோடு முடிந்த ஒரே நாளில் சீர்காழியில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மாதிரி நாளில் அறிவிப்பு எல்லார் செல்போனிலும் கூவுகிறது. பிள்ளைக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்கு ஒன்பதரைக்கு வீட்டிலிருந்தே அலுவலகக் கூட்டம். வீட்டில் வாஷிங்மெஷின் ஓடுகிறது, கீசரில் வெந்நீர் தயார், மேஜைமேல் நெபுலைசர். இல்லாதது அந்த நாற்பது நிமிஷத்துக்குப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். கணவர் சென்னையில், மாமியார் நாத்தனார் வீட்டில், அம்மா கும்பகோணத்தில். செல்போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்தால் பத்து நிமிஷம் தாங்கும். போன வருஷம் இப்படியொரு நாளில் ஒரு பெண் மாடிப்படி இறங்கி வந்து, வாடகைக்கு வந்து ஆறு மாதமாக முகம் மட்டும் தெரிந்த கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, ஒரு அரைமணி நேரம்..."

"அதுக்கென்னம்மா, விடு. எங்க வீட்லயும் ஒண்ணு கெடந்து அழுவுது. மாத்துத்துணி மட்டும் ஒரு செட் குடுத்துட்டுப் போ."