மல்லன், ராஜா, மூக்கறுத்தவர்: கண்டீரவ நரசராஜர்

அதியமான்கோட்டைக்கு நான் போனது சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்களைப் பார்க்கத்தான். ஊர்ப் பெயரே அதியமானைச் சொல்லிவிடுகிறது. அவனுக்குப் பிறகு இந்தத் தகடூர்ச் சீமை யார் யார் கைக்கெல்லாம் போச்சுன்னு தேடினப்போ ஒருத்தர் கிடைச்சார்: மைசூர் கண்டீரவ நரசராஜ உடையார் (ஆட்சி 1638–1659).

மைசூர்ப் பக்கம் இவரை 'ரணதீரர்' என்பார்கள். பட்டத்துக்கு வருமுன் மாறுவேடத்தில் திருச்சிக்குப் போய், யாராலும் வெல்ல முடியாத ஒரு வீரனைக் கொன்றுவிட்டு, பரிசுகூட வாங்காமல் திரும்பினார் என்று ஒரு கதை. கதை கிடக்கட்டும், நடந்ததைப் பார்ப்போம்.

முந்தைய ராஜாவைத் தளவாய் விக்கிரமராயர் நஞ்சு வைத்துக் கொன்ற நேரத்தில் இவர் பட்டமேறினார். முதலில் அந்தத் தளவாயின் கதையை முடித்தார். அடுத்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்ட பிஜாப்பூர்ப் படையை விரட்டினார். 1650களில் பென்னாகரம், தர்மபுரிப் பக்கமும் இவர் கைக்கு வந்தது.

வாள் மட்டும் இல்லீங்க. சொந்த அக்கசாலை வைத்து, நரசிம்மர் உருவம் பதித்த குட்டித் தங்கப் பணம் அடித்தார். எடை அரை கிராம்கூட வராது. ஆனா 1800இல் மைசூரைச் சுற்றிவந்த புக்கானன், பல விலைகளைக் கண்டீரவப் பணத்தில்தான் குறிக்கிறார். நடுவில் ஹைதர், திப்பு ஆட்சியே வந்து போயாச்சு! இவருடைய தசராக் கொண்டாட்டத்தைக் கோவிந்த வைத்யர் 1648இல் கன்னடக் காவியமாகவே பாடிவிட்டார்.

இதோட நிறுத்தினா முழு நாயகன்தான். ஆனா இன்னொரு பக்கம் இருக்கு. 1656ஐ ஒட்டி இவருடைய படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் புகுந்தது. பிடிபட்டவர்களைக் கொல்லவில்லை, ஆண், பெண் பார்க்காமல் மூக்கை அறுத்தது. திருமலை நாயக்கர் அழைக்க, ரகுநாத சேதுபதி வந்து அந்தப் படையைத் துரத்தினார். பிறகு மதுரைப் படை மைசூருக்குள் போய் அதையே செய்தது. சரித்திரத்தில் இதற்குப் பெயரே 'மூக்கறு போர்'.

மைசூரில் ரணதீரர், மதுரையில் மூக்கறுத்தவர். ரெண்டும் ஒரே ஆள்தான். தர்மபுரியோ ரெண்டு ராஜ்ஜியத்துக்கும் நடுவில் இருந்த சீமை. இங்கே உழுதவனுக்கு ராஜாவின் பல திறமைகளில் எது கண்ணில் பட்டிருக்கும்? கையில் வந்த பணமா, ஊருக்குள் வந்த படையா? அவனைப் பாட ஒரு கோவிந்த வைத்யர் இல்லை.