வரிப்பணமும் வழக்காடும் உரிமையும்

விடிவதற்கு முன்பே பார்க்கிங் தொடருந்து நிலையத்தின் வாயிலில் எம்மவரைக் காணலாம். களஞ்சியசாலைகளுக்கும் அங்காடிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வேலைக்குச் செல்வோர் ஒருபுறம். இரவு வேலை முடித்து வீடு திரும்புவோர் மறுபுறம். சம்பளச் சீட்டைப் பிரிக்கும் நாளில் வருமான வரி என்றும் தேசிய காப்புறுதி என்றும் கழிக்கப்பட்ட தொகையே இவர்களின் கண்ணில் முதலில் படுகிறது. ஆகவேதான், "எமது வரிப்பணத்தில் யாருக்குச் சட்ட உதவி?" எனப் பிரித்தானியப் பத்திரிகைகள் எழுப்பி வரும் கேள்வி இன்று எமது கடைகளிலும் கோயில் வாசல்களிலும் தமிழிலேயே ஒலிக்கிறது. நேற்று வந்தவனுக்கு இலவசச் சட்டத்தரணி, இருபது வருடம் வரி கட்டிய எனக்கு இல்லையா என்பதே அதன் சாரம்.

இதனைப் பொறாமை என்று ஒதுக்கிவிடுதல் நியாயமன்று. அக்கேள்வியில் உண்மையான ஒரு குறை அடங்கியிருக்கிறது. ஆனால் அக்குறைக்குக் காரணம் நேற்று வந்தவன்தானா என்பதை ஆராய்ந்து பார்க்கவேண்டிய கடமை எமக்கு உண்டு.

பார்க்கிங்கிலிருந்து டிஸ்ரிக்ற் தொடருந்தில் மேற்கே சென்றால் சில நிலையங்களுக்கு அப்பால் வைற்சப்பல் பகுதி வருகிறது. அங்குள்ள ரொயின்பி மண்டபத்தில் 1898ஆம் ஆண்டிலேயே ஏழைகளுக்கான இலவசச் சட்ட ஆலோசனை தொடங்கப்பட்டது. அம்மண்டபத்தில் இளம் வயதில் பணியாற்றியவர் கிளமென்ற் அற்லி. அவர் பிரதமராக இருந்த 1949ஆம் ஆண்டில்தான் சட்ட உதவிச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோது நாட்டு மக்களில் ஏறத்தாழ 80 சதவீதமானோர் அதற்குத் தகுதி பெற்றிருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. அன்று அது பரம ஏழைகளுக்கு இடப்பட்ட பிச்சையன்று. நடுத்தர வருமானமுள்ள தொழிலாளியும் நீதிமன்றப் படியேற வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இந்த நிலை பின்னர் எவ்வாறு மாறியது? 2013 ஏப்ரல் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டம், துறை துறையாக உதவியை வெட்டியது. குடும்ப வன்முறை சம்பந்தப்படாத மணமுறிவும் பிள்ளைகளைப் பற்றிய பிணக்கும், வேலைத்தலப் பிணக்குகளில் பெரும்பாலானவையும், அரசு கொடுப்பனவுகள் பற்றிய முறைப்பாடுகளும், கடன் தொல்லைகளும் நீக்கப்பட்டன. தஞ்சக் கோரிக்கை தவிர்ந்த குடிவரவு விவகாரங்களில் பெரும்பகுதியும் நீக்கப்பட்டது. மனைவியையோ கணவனையோ அழைப்பதற்கான விண்ணப்பமும் இவற்றுள் ஒன்று. எமது குடும்பங்களை அன்றாடம் தொடும் விடயங்கள் இவைதாம் என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

எஞ்சிய துறைகளிலும் வருமான வரம்பு ஒரு மதிலாக நின்றது. 2022ஆம் ஆண்டில் அரசு இவ்வரம்புகளை மறுஆய்வுக்கு எடுத்தபோது, மாத மொத்த வருமானம் 2,657 பவுணைத் தாண்டிய குடும்பம் குடியியல் சட்ட உதவி பெற இயலாது என்பதே பொது விதியாக இருந்தது. குறிப்பிட்ட செலவுகளைக் கழித்தபின் எஞ்சும் தொகையும் 733 பவுணுக்கு மேற்படக்கூடாது. கணவன் மனைவி வருமானம் சேர்த்தே கணக்கிடப்படும். அவ்வாண்டு குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 9.50 பவுண். இருவரும் அந்த ஊதியத்தில் முழுநேரம் உழைத்தால் மாத வருமானம் 3,000 பவுணைக் கடந்துவிடும். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வசதி படைத்தோர்! பார்க்கிங்கில் வரி கட்டும் எம்மவரின் மனக்குறை இங்கேதான் பிறக்கிறது. அவரை வெளியே நிறுத்தியது பாராளுமன்றம் வகுத்த விதி. அகதியை உதவிப் பட்டியலிலிருந்து நீக்கினாலும் அவ்விதியில் ஓர் எழுத்தும் மாறப்போவதில்லை.

மறுதரப்பு வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். சட்ட உதவிக்கு அக்காலத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 200 கோடி பவுண் செலவாகியது. பணம் எல்லையற்றதன்று. எனவே இந்நாட்டோடு நெருங்கிய பிணைப்புடையோருக்கே அது செல்லவேண்டும் என்று 2013இல் அன்றைய நீதி அமைச்சர் கிறிஸ் கிரேலிங் முன்வைத்த திட்டத்திற்கு மக்களிடையே ஆதரவும் இருந்தது. சட்டபூர்வமாகப் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ச்சியாக வாழ்ந்தோருக்கே குடியியல் சட்ட உதவி என்பது அத்திட்டம். தஞ்சம் கோருவோர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு விதிவிலக்கு வைக்கப்பட்டிருந்தது.

2014இல் ஒரு நீதிமன்றம் அதனைச் சட்டவிரோதம் என்றது. 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. இறுதியில் 2016 ஏப்ரலில், விசாரணை தொடங்கிய முதல் நாளிலேயே, உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் திட்டம் செல்லாது என அறிவித்தனர். 2012ஆம் ஆண்டுச் சட்டம் எத்தகைய வழக்குக்கு உதவி தேவை என்பதைப் பார்த்தே எல்லை வகுத்தது. வழக்காடுபவர் எங்கு வாழ்பவர் என்பதை வைத்து ஒரு பிரிவினரை விலக்க அமைச்சருக்கு அச்சட்டம் அதிகாரம் தரவில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. ஆளைப் பாராதே, ஆபத்தைப் பார் என்று எளிய தமிழில் இதனைக் கூறலாம்.

இவ்வளவுகோலின் அருமையை எம்மைவிட நன்கு அறிந்தவர்கள் இல்லை. 1987ஆம் ஆண்டில் ஹீத்ரோ விமான நிலையத்தில் திருப்பியனுப்பப்படவிருந்த தமிழர் ஆடை களைந்து எதிர்ப்புத் தெரிவித்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிவகுமாரன் வழக்கு எனப் பெயர்பெற்ற வழக்கில் ஆறு தமிழரின் கோரிக்கையைப் பிரபுக்கள் சபை நிராகரித்தது. அகதியின் அச்சம் மெய்யானதா என்பதைப் புறநிலைச் சான்றுகளைக் கொண்டு அமைச்சரே எடைபோடலாம் என்றது அத்தீர்ப்பு. 1988 பெப்ரவரியில் அவர்களுட் சிலர் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர்.

கதை அத்தோடு முடிந்துவிடவில்லை. நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பின்னரே அன்று அவர்களுக்கு மேன்முறையீட்டு உரிமை இருந்தது. அவர்கள் இலங்கையில் இருக்க, சட்டத்தரணிகள் இங்கு வாதாடினர். 1989 மார்ச்சில் குடிவரவு நடுவர், இவர்களது அச்சம் நியாயமானதே, தஞ்சம் வழங்கியிருக்க வேண்டும் எனத் தீர்ப்பளித்தார். அவர்கள் மீண்டும் இங்கு வந்து சேர்ந்தனர். 1991இல் வில்வராஜா வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், திருப்பியனுப்பியதில் சித்திரவதைத் தடை மீறப்படவில்லை என்றே முடிவு செய்தது. ஆயினும் நடுவரின் முடிவு மாறவில்லை. வழக்கை விடாது நடத்தச் சட்டத்தரணி இல்லாதிருந்தால் அந்த முடிவே பிறந்திராது.

அந்நாளில் நடுவர் முன் வாதாடுவதற்குச் சட்ட உதவி கிடையாது. ஆலோசனைக்கு மட்டும் பணம் கிடைத்தது. வாதாடுதலை உள்துறை அமைச்சின் நிதியில் இயங்கிய ஆலோசனை நிறுவனங்களே பெரும்பாலும் செய்தன. 2000ஆம் ஆண்டு தொடக்கத்திலேயே தஞ்ச மேன்முறையீடுகளுக்குச் சட்ட உதவி விரிவாக்கப்பட்டது. அதன் பயன் என்னவென்பதற்கு 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கு சான்று. முதுகிலும் கையிலுமிருந்த சூட்டுத் தழும்புகளை அவர் தாமே பிறரைக் கொண்டு ஏற்படுத்தியிருக்கலாம் எனத் தீர்ப்பாயம் கருதியது. மருத்துவ அறிக்கைகளை மதிப்பிட்ட முறை தவறென்று கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்கும்படி உச்ச நீதிமன்றம் பணித்தது. தழும்பு தானாகப் பேசாது. மருத்துவ அறிக்கையும் மொழிபெயர்ப்பாளரும் சட்டத்தரணியும் வேண்டும். கையில் காசில்லாத அகதிக்கு இவை சட்ட உதவி வழியாகவே கிடைக்கின்றன.

எல்லா வழக்கையும் வரிப்பணத்தில் நடத்துவதா என்று கேட்போருக்கும் பதில் உண்டு. அகதியும் வருமானச் சோதனைக்கு உட்பட்டவரே. மேன்முறையீட்டுக்கு வெற்றி வாய்ப்பு உண்டா என்ற சோதனையும் இருக்கிறது. வாய்ப்புக் குறைந்த வழக்கைச் சட்டத்தரணியே கைவிட வேண்டியவராகிறார். உண்மையில் இன்றைய நெருக்கடி வேறு. தகுதியிருந்தும் சட்டத்தரணி கிடைப்பதில்லை. கட்டண விகிதங்கள் 1996க்குப் பின் உயர்த்தப்படாமலே இருந்து, 2011இல் பத்து சதவீதம் குறைக்கப்பட்டன. உயர்த்தப்போவதாக அரசு அறிவித்தது 2024 நவம்பரில்தான். இடையில் 2010இலும் 2011இலும் குடிவரவு ஆலோசனை வழங்கிய இரு பெரும் நிறுவனங்கள் மூடுண்டன.

சட்டத்தரணி விலகிய இடத்தில் தகுதியற்ற தரகர் நுழைகிறார். அனுமதி பெறாது குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனினும் தவறாக எழுதிக் கொடுக்கப்பட்ட வாக்குமூலம் பின்னர் எந்த நீதிமன்றத்திலும் அகதியையே துரத்தும். குறைந்தபட்சம், ஆலோசகரின் அனுமதியைச் சரிபார்த்த பின்னரே காசைக் கொடுக்குமாறு புதிதாக வருவோருக்கு நாம் சொல்லிவைக்கலாம்.

பார்க்கிங் மக்களுக்கு இவ்விவாதம் புதிதன்று. 2006 உள்ளூராட்சித் தேர்தலில் பிரித்தானியத் தேசியக் கட்சி இங்கு பன்னிரண்டு ஆசனங்களை வென்றபோது, வீட்டு வசதிக்கு உரியவர் யார், வந்தேறி யார் என்பதே பேச்சாக இருந்தது. அன்று அக்கோட்டின் வெளிப்புறத்தில் நிறுத்தப்பட்டவர்களுள் நாமும் அடங்குவோம். 2010இல் அக்கட்சி அத்தனை ஆசனங்களையும் இழந்தது. இன்று வரி கட்டுவோராகிவிட்ட நாம் அதே கோட்டைப் பிறருக்கு வரைய முற்படலாகாது.

பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது எமது முறைப்பாட்டை உரிய இடத்தில் வைப்போம். உழைக்கும் குடும்பத்திற்கு வருமான வரம்பை உயர்த்துங்கள், வெட்டிய துறைகளைத் திரும்பச் சேருங்கள், தஞ்சம் கோருவோருக்கு உள்ளதைப் பறிக்காதீர்கள் என்று ஒரே மனுவில் கேட்கலாம். அம்மனுவில் ஒப்பமிட, இருபது வருடம் வரி கட்டியவருக்கும் நேற்று வந்தவருக்கும் சமமான காரணம் இருக்கிறது.