புன்னைக்காயலில் ஒரு வைத்தியசாலை

முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கல்லின் பாரத்தோடு கடலடிக்கு இறங்கிய குளியாளியின் உயிர், மேலே தோணியில் நின்று கயிறு பிடித்தவனுடைய கையில்தான் இருந்தது; அந்தக் கயிற்றைக் கூடியவரையில் மனைவியின் உடன்பிறந்தானிடமே ஒப்படைப்பார்கள் என்றும், தன் சகோதரியின் தாலிக்குப் பங்கம் வர எந்த மைத்துனனும் கை தளர மாட்டான் என்பதே அதன் காரணம் என்றும் தூத்துக்குடிப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கிறிஸ்தவ வாழ்வில் அன்பினால் விளையும் நற்கிரியைகளைப் பற்றி எழுத அமர்ந்தபோது, வேத வியாக்கியானங்களுக்கு முன்னதாக அந்தக் கயிறே என் நினைவில் வந்து நின்றது. மைத்துனனுக்கும் கூலி உண்டு. ஆனால் கீழிருந்து வரும் சிறு அசைவை அவன் விரல் அறிவது கூலியினால் அன்று.

மனிதன் கரையேறுவது விசுவாசத்தாலா, கிரியையாலா என்று ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் மூண்ட தர்க்கத்தில் இராஜ்யங்களே பிளவுண்டன. ஆயினும், உள்ளதையெல்லாம் ஏழைகளுக்கு வாரிக் கொடுத்தாலும் அன்பில்லாதவனுக்கு அதனால் பயனில்லை என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதியதை இரு சாராரும் மறுக்கவில்லை. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சி இதைவிட நுட்பமானது; பசித்தவனுக்குச் சோறிட்டவர்களும் நோயாளியைப் பார்க்கப் போனவர்களும் அங்கே மெச்சப்படும்போது, ‘நாங்கள் எப்போது அப்படிச் செய்தோம்?’ என்று திகைத்துப் போகிறார்கள். தருமக் கணக்கை ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டவன் எவனும் அந்தக் கூட்டத்தில் காணப்படவில்லை.

இந்த உபதேசம் தூத்துக்குடியை ஒட்டிய முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தபோது தனியாக வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1530-களில், முத்துக் குளித்து வாழ்ந்த பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றதற்கு, கடல் வியாபாரத்தில் தங்களை நெருக்கியவர்களிடமிருந்து போர்த்துக்கீசியர் காப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு ஒரு காரணம்; காக்க வந்தவர்களோ முத்தின் மேல் கண்ணுடையவர்கள். 1542-இல் வந்து கரையோரம் முழுவதும் கால்நடையாய்த் திரிந்த பிரான்சிஸ் சவேரியாரும் ஜெபங்களைப் பிறர் உதவியால் தமிழாக்கி மனனம் செய்துதான் சொல்ல முடிந்தது. அன்பு நிறைய இருந்தது; பாஷை இல்லை.

அந்தக் குறை தீர்ந்தது அவருக்குப் பின் வந்த ஒருவரால். போர்த்துக்கல் நாட்டில் 1520-இல் பிறந்து, யூத வம்சத்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் நிலைக்க முடியாமல் சேசு சபையில் சேர்ந்து, 1547-இல் இக்கரைக்கு வந்த ஹென்றிக்கே ஹென்றீக்கஸ் என்ற அந்தக் குருவானவரைத் தமிழர் அண்டிறிக்கிப் பாதிரியார் என்று அழைத்தனர். துபாஷி என்னும் மொழிபெயர்ப்பாளனின் வாய்வழி போகும் ஆறுதல் பாதி வழியிலேயே ஆறிப்போகும் என்று உணர்ந்தாரோ என்னவோ, சில மாதங்களிலேயே துபாஷியை விட்டுவிடும் அளவுக்குத் தமிழை வருந்திக் கற்றார். வினைத் திரிபுகளையும் வேற்றுமைகளையும் தொகுத்துத் தம்மவருக்காகப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். அவருக்கு மேலதிகாரியாக இருந்த அந்தோணி கிரிமினாலி 1549-இல் வேதாளையில் கொல்லப்பட்டபின், இக்கரைப் பொறுப்பு முழுவதும், திடகாத்திரமில்லாத அந்த மனிதரின் தோளில் வந்து விழுந்தது.

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில், 1550-ஐ ஒட்டி, ஏழை நோயாளிகளுக்கென்று அவர் ஒரு வைத்தியசாலையை ஏற்படுத்தினார். இந்தியாவில் இந்நாட்டு மக்களுக்காக ஐரோப்பிய முறையில் தோன்றிய ஆஸ்பத்திரிகளுள் மிகப் பழையனவற்றில் இதுவும் ஒன்று. ஆயினும் என்னைக் கவர்வது அதன் பழமையன்று. அதற்கான பொருள் வந்த வழி. லிஸ்பன் அரண்மனையின் தயவை மட்டும் நம்பி நில்லாமல், அத்துறை மக்கள் தாமே கொடுத்த காணிக்கையையும், குற்றம் செய்தவர்களிடம் வாங்கிய அபராதப் பணத்தையும் கொண்டு அது நடந்தது. காது சவ்வு கிழிந்தும் மூக்கில் இரத்தம் கசிந்தும் மேலே வரும் தொழிலைச் செய்தவர்கள், அந்தத் தொழிலின் வரும்படியிலேயே ஒரு பங்கை எடுத்து, முகமறியாத நோயாளியின் கஞ்சிக்கும் மருந்துக்கும் வைத்தார்கள். அபராதம் மருந்தானது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. ஒருவன் செய்த பிழை மற்றொருவனின் காய்ச்சலைத் தணித்திருக்கிறது!

நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கிப்போர் அவன் காயத்தில் எண்ணெய் வார்த்ததை உருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அவன் மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிப் போனதைப் பலர் கவனிப்பதில்லை. இரக்கம் ஒரு கணத்தில் பிறந்துவிடும். நாளைய செலவுக்கு யார் பொறுப்பு என்று கேட்பதற்கே அன்பு வேண்டும். புன்னைக்காயலார் அந்த இரண்டு காசின் அர்த்தத்தை அறிந்தவர்கள்.

பின்னர், தமிழில் புத்தகம் அச்சிட வேண்டும் என்று பாதிரியார் விரும்பியபோதும் அதே மக்கள் 400 போர்த்துக்கீசியக் குருசாதோ நாணயங்களைத் திரட்டிக் கொடுத்தனர். 1578 அக்டோபர் 20-ஆம் தேதி கொல்லத்தில் 16 பக்கங்களுடன் அச்சாகி வந்த ‘தம்பிரான் வணக்கம்’, இந்திய மொழியொன்றில் அதன் சொந்த எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல் என்று நாம் பெருமை பேசுகிறோம். அப்பெருமையின் விலை முத்துச் சிப்பிக்காக மூச்சடக்கியவர்கள் கொடுத்த விலை என்பதையும் உடன் சேர்த்துச் சொல்வதே நியாயம். அடியார்களின் சரிதங்களைக் கூறும் பாதிரியாரின் பெருநூல் 1586-இல் வெளிவந்தபோது அவருக்கு வயது அறுபத்தாறு.

ஊர் திரும்பும் எண்ணமில்லாமலே அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கரையில் கழித்த அவர், 1600-இல் புன்னைக்காயலில் இறந்தார். அவருக்காகத் தமிழில் ஜெபம் சொல்ல அப்போது ஒரு கரையே இருந்தது. உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.